இந்தோனேசிய வீடியோ உலகம்: கல்யாண மேடையிலிருந்து டிக்டாக் வரை

கேட்கப்பட்ட கேள்வி இது: "2025 ஜூலையிலிருந்து ரீல்ஸைத் திறந்தால், நீளப் படகின் முனையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடும் இந்தோனேசியப் பையன்தான் வருகிறான். அந்த நாட்டிலிருந்து இவ்வளவு வீடியோ எப்படி வருகிறது? எல்லாம் கொரியாவைப் பார்த்துச் செய்வதா? அங்கே சினிமா, பாட்டு, யூடியூப் எல்லாம் எப்படி இயங்குகிறது?"

அந்தப் படகிலிருந்தே ஆரம்பிக்கலாம். அது சுமாத்ரா தீவின் ரியாவ் மாகாணத்தில், குவாந்தான் ஆற்றில் நடக்கும் 'பாச்சு ஜாலூர்' என்ற படகுப் போட்டி. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த படகு, 25 மீட்டருக்கும் மேல் நீளம். நாற்பது முதல் அறுபது பேர் துடுப்புப் போடுவார்கள். முனையில் ஒரு சிறுவன் நிற்பான். தன் படகு முந்தும்போது ஆடுவது அவன் வேலை. அவன் ஆடினால் கரையில் நிற்பவர்களுக்கு யார் முன்னால் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். டச்சுக்காரர்கள் காலத்தில் அரசியின் பிறந்தநாளுக்கு நடத்தினார்கள், விடுதலைக்குப் பிறகு ஆகஸ்ட் 17 சுதந்திர தினத்தை ஒட்டி நடத்துகிறார்கள். அந்த 11 வயதுப் பையன் கேமராவுக்காக எதுவும் செய்யவில்லை. அவனுக்கு முன் எத்தனையோ பிள்ளைகள் செய்த வேலையைச் செய்தான், கரையில் நின்ற யாரோ போனில் பிடித்தார்கள்.

என் பதில் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும். இந்தோனேசியாவில் பெரிதாகப் பரவிய வீடியோக்களில் பலவும் ஜகார்த்தா ஸ்டூடியோக்களில் பிறந்தவை அல்ல. ஊர்த் திருவிழா, கல்யாண மேடை, சாலையோரம் என்று ஏற்கெனவே உயிரோடு இருந்த கேளிக்கைகளை யாரோ படம் பிடித்தார்கள். ஜகார்த்தாவும் பணமும் அரசும் பின்னால்தான் வந்து சேர்ந்தன.

இது ஏன் இப்படி ஆனது என்று புரிய, அங்கே டி.வி. எப்படி வளர்ந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1962ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியைக் காட்டுவதற்காக டி.வி.ஆர்.ஐ. என்ற அரசு நிலையம் தொடங்கியது. அடுத்த கால் நூற்றாண்டுக்கும் மேல் நாட்டில் அது ஒன்றுதான். 1981ல் அதில் விளம்பரத்தையே அன்றைய ஜனாதிபதி சுஹார்த்தோவின் அரசு தடை செய்தது. 1989ல் முதல் தனியார் சானல் ஆர்.சி.டி.ஐ. வந்தபோது அதன் உரிமையாளர் சுஹார்த்தோவின் மகன் பம்பாங். 1991ல் வந்த டி.பி.ஐ. அவருடைய மகள் தூதுத் கையில் இருந்தது. இப்படி 1990களில் வந்த சானல்கள் எல்லாம் ஆட்சிக்கு நெருக்கமான குடும்பங்களிடம் இருந்தன, எல்லாம் ஜகார்த்தாவின் மொழியில், ஜகார்த்தாவின் ரசனையில் ஓடின. 17,000 தீவுகள், 700க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டில், ஜாவானிய மொழி பேசும் பல கோடிப் பேருக்குக்கூட டி.வி.யில் தங்கள் பேச்சு பெரும்பாலும் வேலைக்காரர் வேடத்திலும் நகைச்சுவை வேடத்திலும்தான் கிடைத்தது.

அந்த டி.வி.யின் பெரிய சரக்கு 'சினெத்ரான்', அதாவது மெகா சீரியல். தினமும் ஒளிபரப்பு, அன்றன்றே படப்பிடிப்பு. ஹஜ் போக ஆசைப்பட்ட கஞ்சி வியாபாரியின் கதையாக 2012ல் தொடங்கிய ஒரு தொடர் 2017 வரை 2,185 பகுதிகள் ஓடியது. சீரியல் உலகத்தை வளர்த்தவர்களில் ராம் பஞ்சாபி முக்கியமானவர். சுரபாயாவில் பிறந்த சிந்தி வம்சாவளிக்காரர். அவர் குடும்பத்தைச் சேர்ந்த மனோஜ் பஞ்சாபி இன்று அங்கே சினிமாவில் பெரிய புள்ளி. சீரியலைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஆர்வம் இல்லை. நம் ஊர் சீரியல் பார்ப்பவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இணைய வீடியோவின் உண்மையான வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஜாவாவின் வடக்குக் கடற்கரையில், கிழக்கு ஜாவாவின் ஊர்களில், கல்யாணம் காதுகுத்து மாதிரி விசேஷங்களுக்கு 'ஹஜாத்தான்' என்று பெயர். கொஞ்சம் வசதியான வீடென்றால் மேடை போட்டு 'ஆர்கெஸ்' எனப்படும் இசைக்குழுவைக் கூப்பிடுவார்கள். அவர்கள் வாசிப்பது டங்டுட், அங்கே சாதாரண மக்கள் கேட்டு ஆடும் இசை. ஊரே பார்க்க வரும், அழைப்பிதழ் எல்லாம் வேண்டியதில்லை. 1990களின் கடைசியில் இதோடு ஒரு புதுத் தொழில் சேர்ந்துகொண்டது. மேடைக்கு முன்னால் இரண்டு மூன்று கேமரா வைத்து, நிகழ்ச்சி முழுவதையும் பிடித்து, வி.சி.டி.யாகப் போட்டுச் சந்தையில் விற்றார்கள். அதைக் காப்பி அடித்து இன்னும் மலிவாக வேறு ஆட்கள் விற்றார்கள். இசைக்குழுக்கள் இதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. அவர்களுக்குக் காசு மேடைக் கட்டணத்தில் வந்தது; வி.சி.டி. எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரத்திலிருந்து அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வரும்.

யூடியூபில் நியூ பல்லாப்பா, மொனாட்டா, செரா என்று தேடினால் அந்த மரபு இன்றும் ஓடுவதைப் பார்க்கலாம். ஒரு வீடியோவைப் பொறுமையாகப் பாருங்கள். பாடகி பாதிப் பாட்டில் நிறுத்தி, விசேஷ வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி வாழ்த்துவார். அடுத்து சவுண்ட் சிஸ்டம் கம்பெனியின் பெயர், பிறகு படம் பிடிக்கும் கம்பெனியின் பெயர், பிறகு முன்வரிசையில் பனியன் அடித்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கும் ரசிகர் கூட்டத்தின் ஊர்ப் பெயர். பின்னால் கெண்டாங் என்ற மத்தளம் ஒரு நொடி விடாமல் உருண்டுகொண்டே இருக்கும். அந்த வேகமான தாளத்துக்குத்தான் 'கொப்லோ' என்று பெயர். எந்தப் பாட்டையும், மேற்கத்திய பாப் பாட்டையும்கூட, அந்தத் தாளத்துக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். நடுவே ரசிகர் ஒருவர் மேடையேறி, பாடகியின் கையில் ரூபியா நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே ஆடுவார். இதற்கு 'சாவெர்' என்று பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த வி.சி.டி. பாதை எவ்வளவு பெரியது என்று நாட்டுக்குக் காட்டியவர் இனுல் தராத்திஸ்தா. கிழக்கு ஜாவாவில் பாசுருவான் பக்கத்துப் பெண். இடுப்பைத் துளைப்பான் சுழல்வதுபோல் சுழற்றும் அவருடைய ஆட்டம், 2003ல் ஜகார்த்தா டி.வி. அவரைக் கண்டுகொள்வதற்கு முன்பே திருட்டு வி.சி.டி.கள் வழியாக ஜாவா முழுக்கத் தெரிந்திருந்தது. யாரும் அவருக்கு விளம்பரம் செய்யவில்லை. டங்டுட்டின் மன்னர் என்று போற்றப்படும் ரோமா இராமா கொதித்துப்போனார். 1970களில் மலாய் இசையோடு ராக் கிட்டாரைச் சேர்த்து, இஸ்லாமிய நெறியையும் சேர்த்து அந்த இசையை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் அவர். இனுல் தன் பாடல்களைப் பாடக் கூடாது என்றார், மத அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. அந்தச் சண்டை ஒரு நடனத்தோடு நிற்காமல் 2008ல் வந்த ஆபாசத் தடைச் சட்டத்துக்கான விவாதம் வரை போனது. ஆனாலும் இனுல் ஒதுங்கவில்லை, டி.வி.யில் நடுவராக உட்காரும் அளவுக்கு நிலைத்தார். ஒரு கிராமத்துப் பாடகியை மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், மேலே இருந்தவர்கள் அதைத் தடுக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியம்.

வி.சி.டி. போய் யூடியூப் வந்தபோது இவர்கள் யாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. கேமரா இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், வட்டை அச்சடிப்பதற்குப் பதிலாக ஏற்றிவிட்டால் போதும். வியா வாலென், நெல்லா கரிஸ்மா போன்றவர்கள் அப்படித்தான் மேலே வந்தார்கள். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில் அதிகாரபூர்வப் பாடலைப் பாடியவர் வியா வாலென். கல்யாண மேடைகளில் வளர்ந்த ஒரு கொப்லோ பாடகி, ஜகார்த்தாவின் மிகப் பெரிய அரங்கத்தில், ஜனாதிபதி முன்னால் பாடினார்.

டங்டுட்டில் நம் காதுக்குப் பழகிய ஏதோ ஒன்று இருக்கிறதே என்று தோன்றினால், அது சரிதான். 1950களிலிருந்தே இந்திப் படப் பாடல்களின் மெட்டும் தபேலாவும் மலாய் இசைக்குழுக்களில் கலந்துவிட்டன. இந்த இந்தியப் பாசம் இணையத்திலும் விடவில்லை. 2011ல் சுலவேசித் தீவின் கொரொந்தாலோவில், நார்மன் கமாரு என்ற இளம் போலீஸ்காரர் பணிச் சீருடையிலேயே 'சய்ய சய்யா' பாட்டுக்கு வாயசைத்து ஆடிய வீடியோ நாட்டையே ஆட்டிவைத்தது. ஆமாம், ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த, தமிழில் 'உயிரே' படத்தில் 'தையா தையா' என்று நாம் கேட்ட அதே பாட்டு. முதலில் அவரைத் தண்டிப்பது பற்றிப் பேசிய காவல்துறை, மக்கள் கொண்டாடுவதைப் பார்த்து மனம் மாறி, மேடைகளில் ஆடவே விட்டது. அதே ஆண்டுக் கடைசியில், பணிக்கு வரவில்லை என்று வேலை போனது. பாட்டு வாழ்க்கையும் நிலைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஜகார்த்தாவில் மனாடோ கஞ்சிக் கடை நடத்தினார். இணையப் புகழ் ஒரு சாமானிய மனிதரை எவ்வளவு வேகமாக மேலே தூக்கி எவ்வளவு வேகமாக இறக்கிவிடும் என்பதை இந்தோனேசியர்கள் முதலில் பார்த்தது அவரிடம்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்து டிடி கெம்போட். இவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நிற்காது. சோலோ நகரத்துக்காரர், தெருப்பாடகராகத் தொடங்கியவர். 'கெம்போட்' என்பதே நடைபாதைப் பாடகர் குழு என்பதன் சுருக்கம். ஜாவானிய மொழியில், ரயில் நிலையத்திலும் துறைமுகத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் காதலி விட்டுப்போன சோகத்தைப் பாடினார். 1990களில் பெயர் வாங்கியவர். தென்னமெரிக்காவில் சூரினாமில் வாழும் ஜாவா வம்சாவளி மக்களிடமும் அவருக்குப் பெரிய கூட்டம் உண்டு. ஆனால் ஜகார்த்தா ஊடகங்கள் அவரை வயதானவர்களின் பிராந்தியப் பாடகர் என்ற இடத்தில் வைத்துவிட்டு மறந்துபோயின. 2019ல் அவருடைய கச்சேரியில் இளைஞர்கள் கண்ணீரோடு சேர்ந்து பாடும் காட்சிகள் ட்விட்டரில் பரவின. யூடியூபில் ஒரு நீண்ட பேட்டி வந்தது. சில மாதங்களில் இருபது வயதுப் பிள்ளைகள் தங்களை 'சொபாட் அம்ப்யார்', நொறுங்கிப்போனவர்களின் நண்பர்கள், என்று அழைத்துக்கொண்டார்கள். அவருக்கு அவர்கள் வைத்த பட்டம் 'உடைந்த நெஞ்சங்களின் காட்ஃபாதர்'. 2020 ஏப்ரலில் கொரோனா நிவாரணத்துக்காக வீட்டிலிருந்து ஒரு கச்சேரி செய்து 700 கோடி ரூபியாவுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். அடுத்த மாதம் 5ஆம் தேதி, 53 வயதில் இறந்துபோனார். அவருக்குப் பின் டென்னி சக்நான் போன்ற இளைஞர்கள் ஜாவானிய மொழியிலேயே பாடி நாடு முழுக்கப் பெயர் வாங்குகிறார்கள். ஜாவானிய மொழியில் பாடினால் அது பழசு என்ற எண்ணம் இளைஞர்களிடம் போய்விட்டது என்றால், அதில் டிடி கெம்போட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஊர்க்கலை இணையத்தில் எப்படி உயிர் பிழைத்தது என்பதற்கு இன்னொரு சாட்சி கி செனோ நுக்ரோஹோ. யோக்யகர்த்தாவைச் சேர்ந்த 'டாலாங்', அதாவது வாயாங் என்ற தோல்பாவை நிழற்கூத்தை நடத்துபவர். மகாபாரதக் கதையை இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து விடியவிடிய நடத்துவார்கள். நம் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்கவைப்பதுபோல், அங்கே செமாரும் அவர் பிள்ளைகளும் வந்து இன்றைய அரசியலைக்கூடப் பேசுவார்கள். கி செனோ தன் நிகழ்ச்சிகளை யூடியூபில் நேரலையாக விட்டார். சிரிப்புக் காட்சிகளுக்கு நேரம் கூடக் கொடுத்தார். அதற்காகப் பழைய ஆட்கள் சிலர் முகம் சுளித்தார்கள், ஆனால் இளைஞர்கள் வந்தார்கள். வெளிநாடுகளில் வேலை பார்க்கும் ஜாவாக்காரர்களும் போனில் பார்த்தார்கள். கொரோனாவில் கூட்டம் கூடத் தடை வந்தபோது, சின்னக் குழுவை வைத்துக்கொண்டு தன் வீட்டிலேயே நடத்தினார். கலைஞர்களுக்குக் கூலி போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கவலை. 2020 நவம்பரில் அவரும் இறந்துவிட்டார். அந்தப் பதிவுகளை இன்றும் பார்க்கலாம்.

அதே 2020 ஆகஸ்டில் 'திலிக்' என்ற 32 நிமிடக் குறும்படம் யூடியூபில் வெளியானது. இயக்கம் வாஹ்யு அகுங் பிரசெத்யோ, தயாரிப்புச் செலவு யோக்யகர்த்தா கலாச்சாரத் துறையின் நிதி. கதை இவ்வளவுதான்: மருத்துவமனையில் இருக்கும் ஊர்த் தலைவியைப் பார்க்கத் திறந்த லாரியில் நின்றுகொண்டே ஒரு கிராமத்துப் பெண்கள் போகிறார்கள். வழியெல்லாம் பூ தெஜோ என்ற பெண்மணி, ஊரில் கல்யாணமாகாத ஒரு பெண்ணைப் பற்றிப் புறம் பேசுகிறார். ஃபேஸ்புக்கில் அந்தப் பெண்ணின் படத்தைக் காட்டி "இதோ பாருங்கள் ஆதாரம்" என்ற தோரணை. எதிர்த்துப் பேசும் ஒருத்தி. நடுவில் லாரியை நிறுத்தும் போலீஸ். படத்தில் வசனம் எல்லாம் ஜாவானிய மொழி. இரண்டு கோடிக்கும் மேலான பார்வைகள். பூ தெஜோவின் முகம் வாட்ஸ்அப் ஸ்டிக்கராகி எல்லோர் போனிலும் உட்கார்ந்தது. 2018லேயே எடுத்து விழாக்களில் விருது வாங்கிய படம்தான், ஆனால் யூடியூபில் போட்ட பிறகுதான் பொதுமக்கள் பார்த்தார்கள்.

இப்போது அந்தச் சாவெர் விஷயத்துக்கு வருகிறேன். மேடைப் பாடகிக்கு நோட்டுக் கொடுக்கும் வழக்கம் அப்படியே இணையத்துக்கு மாறியது. கேம் விளையாடிக் காட்டும் ஸ்ட்ரீமர்களுக்கு ரசிகர்கள் காசு அனுப்பும் உள்ளூர்த் தளத்துக்கே 'சாவெரியா' என்று பெயர். டிக்டாக் லைவில் ரோஜாப்பூ முதல் பெரிய பெரிய பரிசு வரை அனுப்புவதும் அதே சாவெர்தான். ஆனால் மேடையில் கொடுப்பவர் கூட்டத்தின் முன்னால், பாடகியின் முகத்துக்கு நேரே நின்று கொடுக்கிறார், அவருக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கும். திரைக்குப் பின்னால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2023 ஜனவரியில் லொம்பொக் தீவில் வயதான பெண்கள் மணிக்கணக்கில் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து, பரிசு வர வர தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் நேரலைகள் ஓடின. சமூக நல அமைச்சராக இருந்த திரி ரிஸ்மஹரினி, முதியவர்களை வைத்து இப்படிப் பிச்சை எடுப்பதைத் தடுக்கச் சொல்லி எல்லா மாகாணங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். சிலர் 'அவர்கள் விருப்பத்தோடுதானே செய்கிறார்கள்' என்றார்கள். வயல் கூலியைவிட அதில் அதிகம் கிடைக்கும் நிலைமையில் விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை. குளிரில் நடுங்கும் பாட்டியின் மீது இன்னொரு வாளி தண்ணீர் விழுவதற்குக் காசு அனுப்பியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சாலையோரத்திலிருந்து வந்ததற்கு 'ஓம் தெலொலெட் ஓம்' ஒன்று போதும். மத்திய ஜாவாவில் பிள்ளைகள் சாலையோரம் நின்று, அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஹாரன் அடிங்க மாமா" என்று பஸ் டிரைவர்களைக் கேட்பார்கள். பல சுரம் பாடும் ஹாரனை டிரைவர் அடித்தால் துள்ளிக் குதிப்பார்கள். 2016 டிசம்பரில் உலகின் பெரிய பெரிய டி.ஜே.க்கள் எல்லாம் அந்த மூன்று சொல்லைப் பதிவிட, பிள்ளைகள் விளையாட்டு உலகச் செய்தியானது. இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2024ல் ஹாரன் கேட்டு ஓடிய ஒரு குழந்தை பஸ்ஸில் அடிபட்டு இறந்தது. அந்த ஹாரன் இழுக்கும் காற்றால் பிரேக்குக்கான காற்றழுத்தம் குறையும் ஆபத்தும் இருப்பதால், போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடை செய்யச் சொன்னது. கிழக்கு ஜாவாவில் லாரி நிறைய ஸ்பீக்கர் அடுக்கி ஊர்வலம் போகும் 'சவுண்ட் ஹொரெக்' இதே போல் வளர்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிரும் வீடியோக்கள் பரவியதும், 2025 ஜூலையில் அந்த மாகாண உலமா சபை எல்லை மீறினால் ஹராம் என்று ஃபத்வா கொடுத்தது.

சரி, ஜகார்த்தா என்ன செய்தது? முதலில் யூடியூபர்கள் என்ற புது வர்க்கம் வந்தது. 2019 தொடக்கத்தில் அத்தா ஹாலிலிந்தார் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டினார். பிறகு டி.வி. நட்சத்திரங்கள் மொத்தமாக இறங்கினார்கள். டி.வி. தொகுப்பாளர் ராஃபி அஹ்மத் தன் குடும்ப வாழ்க்கையையே சானலாக்கி ஒரு நிறுவனம் கட்டினார். மேஜிக் வித்தைக்காரராக இருந்த டெடி கொர்புசியெர் நாட்டின் பெரிய பாட்காஸ்ட் நடத்துநர் ஆனார்; அமைச்சர்கள் அவர் முன்னால் உட்காரக் காத்திருந்தார்கள். 2021 ஏப்ரலில் அத்தாவின் கல்யாணத்துக்கு சாட்சிகளாக வந்தவர்கள் ஜனாதிபதி ஜோகோவியும், பாதுகாப்பு அமைச்சராக இருந்த பிரபோவோவும். அதை ஆர்.சி.டி.ஐ. நேரலையாகக் காட்டியது.

ஊரிலிருந்து பிறப்பதற்கும் மேலிருந்து வந்து எடுத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் 2022 ஜூலையில் கண்முன் தெரிந்தது. சித்தாயாம், போஜோங்கெடே, தெப்போக் என்ற புறநகர்களிலிருந்து ஏழை வீட்டுப் பிள்ளைகள் மின்சார ரயில் ஏறி ஜகார்த்தாவின் சுதிர்மான் பகுதிக்கு வந்தார்கள். அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே இருந்த ஜீப்ரா கிராசிங்கையே ஃபேஷன் மேடையாக்கி, மலிவு உடைகளை விதவிதமாகச் சேர்த்து உடுத்தி நடந்தார்கள், டிக்டாக்கில் போட்டார்கள். 'சித்தாயாம் ஃபேஷன் வீக்' என்று பெயர் நிலைத்தது. அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தலைவர் இல்லை, டிக்கெட் இல்லை. சில வாரங்களில் நடிகரும் யூடியூபருமான பைம் வொங்கின் நிறுவனம் அந்தப் பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். போலீஸ் அந்தக் கிராசிங்கை மூடியது, கூட்டம் கலைந்தது. அந்தப் பிள்ளைகளுக்காக எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அவர்கள் கேட்டது ஒரு நடைபாதை.

அரசுக்கும் இந்த உலகத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லை. 2018 ஜூலையில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஒரு வாரத்தில் நிபந்தனையோடு விட்டார்கள். 2023 அக்டோபரில் தானா அபாங் போன்ற சந்தைகளில் வியாபாரம் படுத்துவிட்டது என்று, செயலிக்குள்ளேயே பொருள் விற்கும் டிக்டாக் கடையை மூடவைத்தார்கள். டிசம்பரில் அது உள்ளூர் ஆன்லைன் விற்பனை நிறுவனமான டோக்கோபீடியாவின் பெரும்பங்கை வாங்கித் திரும்பி வந்தது. 2024 தேர்தலில், 1998ல் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்ட முன்னாள் தளபதி பிரபோவோ, 'கெமோய்', அதாவது கொழுகொழு செல்லத் தாத்தா, என்ற உருவத்தில் டிக்டாக்கில் ஆடினார், 58 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். அந்த ஆண்டு நாட்டில் இணையம் பயன்படுத்துவோர் 22 கோடியைத் தாண்டியிருந்தார்கள், அவர்களில் பலருக்கு, சுஹார்த்தோ ஆட்சி விழுந்த 1998 ஒரு பாடப்புத்தக வருடம் மட்டுமே. பதவியேற்றதும் ராஃபி அஹ்மதை இளைஞர்களுக்கும் கலைஞர்களுக்குமான சிறப்புத் தூதர் ஆக்கினார். 2025 பிப்ரவரியில் டெடி பாதுகாப்பு அமைச்சரின் சிறப்பு அலுவலர் ஆனார்.

ஆனால் மக்கள் அதே போனைத் திருப்பிப் பிடிக்கவும் செய்தார்கள். 2025 ஆகஸ்டில் எம்.பி.க்களின் வீட்டு வாடகைப்படி பற்றிய கோபம் எழுந்த நேரத்தில், நாடாளுமன்றக் கூட்டத்துக்குப் பிறகு எம்.பி.க்கள் ஆடிய வீடியோ பரவியது. டி.வி. பிரபலங்களாக இருந்து எம்.பி. ஆன எக்கோ பத்ரியோவும் ஊயா கூயாவும் கோபத்துக்கு இலக்கானார்கள். அந்தப் போராட்டத்தின்போது போலீஸ் வண்டி ஏறி ஒரு மோட்டார்பைக் டாக்சி ஓட்டுநர் இறந்தார், அந்தக் காட்சியும் போன்களில் பதிவாகியிருந்தது. நாடு கொந்தளித்தது. இரண்டு நாள் கழித்து டிக்டாக் அங்கே நேரலை வசதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்த இரண்டு எம்.பி.க்களையும் அவர்கள் கட்சி இடைநிறுத்தியது. வீடியோவில் ஆடி வந்த செல்வாக்கு வீடியோவிலேயே சரிந்தது.

கொரியா பற்றிய கேள்விக்கு: கொரிய ரசிகர்கள் அங்கே ஏராளம், 2021ல் பி.டி.எஸ். பெயரில் வந்த பர்கர் கடைச் சாப்பாட்டுக்கு டெலிவரிக்காரர்கள் குவிந்து கடைகளையே மூட நேர்ந்தது. ஜப்பானிய மாதிரியில் 2011லிருந்து ஜே.கே.டி.48 என்ற பெண்கள் குழு இருக்கிறது. ஜகார்த்தாவில் வீட்டிலேயே படித்து, யூடியூப் பார்த்து ஆங்கிலம் பழகி, 2016ல் ராப் பாடி அமெரிக்கா வரை போன ரிச் பிரையனும் இருக்கிறார். இதெல்லாம் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் உலகம், அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் உள்ளூர் சினிமாவின் பெரிய வெற்றிகளைப் பாருங்கள். 2022ல் 90 லட்சம் பேருக்கு மேல் பார்த்த ஒரு பேய்ப்படம், ட்விட்டரில் ஒருவர் தொடராக எழுதிய கிராமத்துக் கதை. 2024ல் அதே அளவு கூட்டம் சேர்த்த 'அகாக் லாயென்', வட சுமாத்ராப் பேச்சோடு நான்கு ஸ்டாண்ட்-அப் கலைஞர்கள் நடத்திய பாட்காஸ்டிலிருந்து பிறந்தது, கதை நடப்பது ஒரு பொருட்காட்சிப் பேய்வீட்டில். 2025ல் ஒரு கோடிப் பேரைத் தாண்டிய 'ஜும்போ' அனிமேஷன் படத்தை இயக்கிய ரயான் அத்ரியாந்தி, 2011ல் டி.வி. ஸ்டாண்ட்-அப் போட்டியின் முதல் பருவத்தில் வென்றவர். இந்த மூன்றிலும் கொரியா எங்கே இருக்கிறது?

எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்றால், முதலில் 'திலிக்'. யூடியூபிலேயே இருக்கிறது, சப்டைட்டிலோடு அரை மணி நேரம். பிறகு டிடி கெம்போட்டின் மேடைப் பதிவு ஏதாவது ஒன்று, கூட்டம் சேர்ந்து பாடுவது நன்றாகக் கேட்கும் பதிவாகத் தேர்ந்தெடுங்கள். கொப்லோ கேட்க ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், கெண்டாங்கின் அடித்தாளம் போன் ஸ்பீக்கரில் வராது. பாச்சு ஜாலூர் பிடித்திருந்தால் பையன் ஆடும் துண்டை விட்டுவிட்டு முழுப் போட்டியை ஒருமுறை பாருங்கள். பின்னால் அறுபது பேர் துடுப்புப் போடுவதும், கரையில் ஊரே கத்துவதும் அதில்தான் தெரியும்.